ஃபிசிக்ஸ் கேன்டீன்: ஓர் அணு ஆப்சென்ட்!



ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்குங்க. (பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டாச்சுன்னா, ஜூனியர்கிட்ட கெஞ்சி வாங்குங்க!) குவான்டம் யூனிட்டில் ‘டன்னலிங்’னு ஒரு தலைப்பு இருக்கும். அதை 2 மார்க்குக்குப் படிச்சிருப்போம். கிரிஸ்டல் யூனிட்டில் ‘டிஃபெக்ட்ஸ்’னு ஒரு தலைப்பு இருக்கும். அதை 13 மார்க்குக்கு மனப்பாடம் பண்ணியிருப்போம். வேகன்சி, இன்டர்ஸ்டிஷியல், ஷாட்கி, ஃப்ரெங்கல், எட்ஜ் டிஸ்லொகேஷன், ஸ்க்ரூ டிஸ்லொகேஷன்... படம் போட்டு, பென்சிலால் ஷேடு அடிச்சு, மார்க் வாங்கி, மறந்தும் போயிருப்போம்.

இந்த ரெண்டு தலைப்பும் ஒரே கேள்வியில் வந்து நான் பார்த்ததில்லை. ஆனா நிஜத்தில் ரெண்டும் ஒரு இடத்தில் நேருக்கு நேர் சந்திக்குது. அந்த இடத்தோட கனம் சுமார் ஒரு நானோமீட்டர். உங்க தலைமுடியோட கனத்தை 80,000 கூறு போட்டா அதில் ஒரு கூறு! ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஃபைலைப் படிக்கிறதே அந்த ஒரு நானோமீட்டர்தான். அங்கே ஒரே ஓர் அணு ஆப்சென்ட் ஆனா என்ன ஆகும்? இந்த வார மேட்டர் அதுதான்.

சுவர் ஏறாமலே அந்தப் பக்கம்

முதல்ல ஆளை அறிமுகப்படுத்திடறேன். பேரு, காந்த டன்னல் ஜங்ஷன். பார்க்க சாண்ட்விச் மாதிரி. மேலே ஒரு காந்த உலோகம், கீழே ஒரு காந்த உலோகம். பெரும்பாலும் இரும்பு, கோபால்ட் சேர்ந்த கலவை. நடுவில் மின்சாரத்தைக் கடத்தாத ஓர் ஆக்ஸைடு.

கடத்தாத பொருள் நடுவில் இருந்தா கரன்ட் எப்படிப் போகும்? நியாயமான கேள்வி. எலெக்ட்ரான் ஒரு குட்டி கோலிக்குண்டா இருந்தா போகாது. ஆனா அது அலை. சுவரில் மோதின அலை அங்கேயே நின்னுடாது. சுவருக்குள்ளே நுழைஞ்சு, போகப் போகத் தேய்ஞ்சுக்கிட்டே போகும். சுவர் போதுமான அளவு மெல்லிசா இருந்தா, முழுசா தேயறதுக்குள்ளே அந்தப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்துடும். எட்டிப் பார்த்த அளவுக்கு எலெக்ட்ரானும் அந்தப் பக்கம் போயிடும். ஹாஸ்டல் காம்பவுண்ட் சுவரை ஏறிக் குதிக்காமலே, ஓட்டை போடாமலே செகண்ட் ஷோவுக்குப் போற மாதிரி!

இங்கே காந்தத்துக்கு என்ன வேலை? ரெண்டு காந்தத்தில் ஒண்ணோட திசையைக் கட்டிப் போட்டிருப்பாங்க. இன்னொண்ணு சுதந்திரமா திரும்பும். ரெண்டும் ஒரே திசையைப் பார்த்தா ரெசிஸ்டன்ஸ் குறைச்சல். எதிரெதிர் திசையைப் பார்த்தா ரெசிஸ்டன்ஸ் அதிகம். குறைச்சலை 0, அதிகத்தை 1னு வெச்சுக்கிட்டா, ஒரு பிட் மெமரி ரெடி. காந்தம் கரன்ட் போனாலும் திசையை மறக்காதே... அதனால பவர் கட் ஆனாலும் டேட்டா பத்திரம். ஹார்டு டிஸ்க்கில் தட்டுக்கு மேலே மிதக்குற ரீட் ஹெட்டும் இதே ஜங்ஷன்தான். கீழே இருக்கும் குட்டிக் காந்தங்கள் அந்த சுதந்திர அடுக்கைத் திருப்ப, ரெசிஸ்டன்ஸ் மாற, டேட்டா வெளியே வரும்.

மெஸ் டோக்கன் கணக்கு

திசை மாறினா ரெசிஸ்டன்ஸ் ஏன் மாறணும்? எலெக்ட்ரானுக்கு ‘ஸ்பின்’ உண்டு. மேல், கீழ்னு ரெண்டே வகை. மெஸ் டோக்கன் மாதிரி சிவப்பு, நீலம்னு வெச்சுக்குவோம். சுவரைத் தாண்டும்போது டோக்கன் கலர் மாறாது. சிவப்பு டோக்கன்காரர் அந்தப் பக்கம் சிவப்பு சீட்டில்தான் உட்காரலாம்.

ஒரு காந்தத்தில் நூற்றுக்கு 75 சிவப்பு, 25 நீலம்னு வைங்க. எதிர்ப் பக்கத்துக் காந்தமும் அதே திசைன்னா, அங்கேயும் 75 சிவப்பு சீட், 25 நீல சீட். போகக்கூடிய வழிகள் 75 × 75, கூட்டல் 25 × 25. மொத்தம் 6,250. இப்போ எதிர்ப் பக்கத்துக் காந்தத்தைத் திருப்பிடுங்க. அங்கே சிவப்பு சீட் 25 ஆயிடும், நீலம் 75 ஆயிடும். வழிகள் 75 × 25, கூட்டல் 25 × 75. மொத்தம் 3,750 மட்டும். கரன்ட் குறையும், ரெசிஸ்டன்ஸ் சுமார் 67 சதவிகிதம் ஏறும். இந்த ஏற்றத்துக்குப் பேருதான் டி.எம்.ஆர். இது எவ்வளவு பெரிசோ, 0-வையும் 1-ஐயும் பிரிச்சுப் பார்க்கிறது அவ்வளவு சுலபம்.

20 வருஷம் கிடப்பில்!

இந்த டோக்கன் கணக்கைப் போட்டவர் பிரான்ஸைச் சேர்ந்த மிஷெல் ஜூலியே. வருஷம் 1975. இரும்புக்கும் கோபால்ட்டுக்கும் நடுவில் ஆக்ஸிஜன் ஏறிய ஜெர்மேனியம் வெச்சு, மைனஸ் 269 டிகிரி குளிரில் சுமார் 14 சதவிகித மாற்றம் பார்த்தார். ஐடியா சூப்பர். ஆனா அறை வெப்பநிலையில் உருப்படியா ஒரு ஜங்ஷன் செய்ய 1995 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

முக்கியமான தடை, சுவர்தான். ஒரு நானோமீட்டர் கனத்தில், ஓட்டை ஒடிசல் இல்லாம, மேடு பள்ளம் இல்லாம ஓர் ஆக்ஸைடு பூசறது லேசுப்பட்ட வேலை இல்லை. 1995-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் ஜகதீஷ் மூதேராவின் குழு, அலுமினியம் ஆக்ஸைடு சுவர் வெச்சு அறை வெப்பநிலையில் 11.8 சதவிகிதம் காட்டியது. அதே வருஷம் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் மியாசாகி, தெசுகா ஜோடி 18 சதவிகிதம் காட்டினாங்க. ஒரு குட்டிப் பெருமை: மூதேரா பிஎச்.டி முடிச்சது நம்ம ஐ.ஐ.டி மெட்ராஸில்! மியாசாகி, மெசர்வி, டெட்ரோ ஆகியோரோட சேர்த்து அவருக்கு 2009-ல் அமெரிக்க இயற்பியல் கழகத்தின் பக்லி பரிசு கிடைச்சது.

2006-ல் ஃப்ரீஸ்கேல் கம்பெனி 4 மெகாபிட் எம்-ரேம் சிப்பை விற்பனைக்கே கொண்டுவந்தது. அதிலும் அலுமினியம் ஆக்ஸைடு சுவர்தான். ஆனா இந்த வகைச் சுவரில் ஒரு லிமிட் இருந்தது. எவ்வளவு முயற்சி பண்ணினாலும் டி.எம்.ஆர் சுமார் 70, 80 சதவிகிதத்தோட நின்னுடுச்சு. காரணம், அந்த ஆக்ஸைடில் அணுக்களுக்கு வரிசையே கிடையாது. கண்ணாடி மாதிரி தாறுமாறா கிடக்கும். வரிசை இல்லாத சுவர், டோக்கன் கலரைத் தாண்டி வேற எதையும் செக் பண்ணாது.

கறார் வாட்ச்மேன்

2001-ல் அமெரிக்காவில் பட்லர் குழுவும், பிரிட்டனில் மாத்தன் - உமர்ஸ்கி ஜோடியும் தனித்தனியா ஒரே கணக்கைப் போட்டாங்க. இரும்பு, மெக்னீஷியம் ஆக்ஸைடு, இரும்பு. மூணும் ஒழுங்கான கிரிஸ்டலா, ஒண்ணு மேலே ஒண்ணு கச்சிதமா உட்கார்ந்தா டி.எம்.ஆர் 1,000 சதவிகிதத்தையும் தாண்டும்னு விடை வந்தது.

எப்படி? எலெக்ட்ரான் அலைக்கு வடிவம்னு ஒண்ணு உண்டு. போகிற திசையிலிருந்து பார்த்தா சில அலைகள் சுற்றிலும் சமமா, உருண்டையா இருக்கும். சிலது பூவிதழ் மாதிரி பிரிஞ்சு இருக்கும். மெக்னீஷியம் ஆக்ஸைடு கிரிஸ்டலுக்குள்ளே உருண்டை அலை மெதுவாத் தேயும். இதழ் அலைகள் சீக்கிரமே தேய்ஞ்சு போயிடும். ஆக, இந்தச் சுவர் உருண்டை அலையை மட்டும் உள்ளே விடுற வாட்ச்மேன்.

அடுத்தது இரும்போட கைங்கர்யம். கரன்ட் போகிற திசையில், கரன்ட்டைத் தூக்கிட்டுப் போகிற எனர்ஜியில், உருண்டை அலை சிவப்பு டோக்கனுக்கு மட்டும்தான் இருக்கு. நீலத்துக்கு இல்லை. எதிர்ப் பக்கத்துக் காந்தத்தைத் திருப்பிட்டா, வாட்ச்மேன் அனுப்பி வெச்ச உருண்டை - சிவப்புக்கு அந்தப் பக்கம் சீட்டே கிடையாது! 75-25 கணக்கு போய், கிட்டத்தட்ட 100-0 கணக்கு ஆயிடுது.

2004-ல் ஜப்பானின் ஏ.ஐ.எஸ்.டி ஆய்வகத்தில் யுவாசா குழு 180 சதவிகிதமும், கலிஃபோர்னியாவில் ஐ.பி.எம்-மின் ஸ்டூவர்ட் பார்க்கின் குழு 220 சதவிகிதமும் அறை வெப்பநிலையில் காட்டினாங்க. ரெண்டு கட்டுரையும் ‘நேச்சர் மெட்டீரியல்ஸ்’ பத்திரிகையின் ஒரே இதழில் வந்தது. 2008-ல் தோஹோகு குழு 604. அந்த ரெக்கார்டு 15 வருஷம் அப்படியே நின்னது. 2023-ல் ஜப்பானின் என்.ஐ.எம்.எஸ் ஆய்வகம் 631.

கணக்கு சொன்னது 1,000-க்கு மேல். கையில் கிடைச்சது 631. மிச்சம் எங்கே போச்சு? இப்போதான் நம்ம 13 மார்க் கேள்வி உள்ளே வருது.

ஆப்சென்ட், ப்ராக்ஸி, இட நெருக்கடி

கிரிஸ்டலை ஒரு கிளாஸ் ரூமா நினைச்சுக்குங்க. ரோல் நம்பர் படி எல்லாரும் அவங்கவங்க இடத்தில் உட்கார்ந்திருந்தா வாட்ச்மேன் கண்டிப்பா வேலை பார்ப்பார். ஆனா எந்த கிளாஸில் 100 சதவிகித அட்டெண்டன்ஸ் இருக்கு?

*ஆப்சென்ட்:* மெக்னீஷியம் ஆக்ஸைடில் அடிக்கடி காணாமப் போகிறவர் ஆக்ஸிஜன். போறவர் தன் ரெண்டு எலெக்ட்ரானை அந்தக் காலி சீட்டிலேயே விட்டுட்டுப் போயிடுவார். இதுக்கு ‘எஃப் மையம்’னு பேரு. ‘ஃபார்பே’ன்னா ஜெர்மனில் நிறம். இப்படிப்பட்ட காலி சீட்டுகள் நிறமில்லாத கிரிஸ்டலுக்குக் கலர் கொடுக்கும், அதனால அந்தப் பேரு. இங்கே இது ரெண்டு குழப்பம் பண்ணுது. சுவருக்கு நடுவில் ஒரு பஸ் ஸ்டாப் மாதிரி நிக்குது. எலெக்ட்ரான் ஒரே தாவலில் போகாம, இங்கே இறங்கி ஏறிப் போகலாம். ரெண்டாவது, பக்கத்தில் போகிற அலையைச் சிதறடிக்குது. சிதறின அலையின் திசையும் வடிவமும் மாறிடும். வாட்ச்மேன் உள்ளே விடாத இதழ் அலைக்குப் பின்வாசல் திறந்த கதை. காந்தங்கள் எதிரெதிரா இருக்கும்போது நிக்க வேண்டிய கரன்ட் கசிய ஆரம்பிக்கும், டி.எம்.ஆர் இறங்கும்.

*ப்ராக்ஸி:* ஒருத்தர் சீட்டில் வேற ஒருத்தர். ஜங்ஷனுக்கு மேலேயும் கீழேயும் டான்டலம் மாதிரி உலோகங்களைப் பூசியிருப்பாங்க. சூடு பண்ணும்போது அந்த அணுக்கள் ஊர்ந்து சுவர்ப் பக்கம் வந்துடும். 2008-ல் 604 சதவிகிதம் வந்ததன் ரகசியமே, டான்டலம் ஊர்ந்து வராம தடுத்ததுதான். ஒரு ப்ராக்ஸி சரியான எனர்ஜியில் மாட்டிக்கிட்டா இன்னும் மோசம். நிக்கல், நிக்கல் ஆக்ஸைடு, கோபால்ட் சேர்ந்த மிகச் சின்ன ஜங்ஷன்களை ஆராய்ஞ்சு 2003-ல் ஒரு கட்டுரை வந்தது. ஒரே மாதிரி செஞ்ச ஜங்ஷன்களில் சிலது தலைகீழா நடந்துக்கிட்டது. எதிரெதிர் திசையில் ரெசிஸ்டன்ஸ் குறையுது! சுவருக்குள்ளே இருக்கும் ஒரு டிஃபெக்ட் வழியா நடக்குற டன்னலிங், 0-வை 1 ஆவும், 1-ஐ 0 ஆவும் காட்டும்னு அதில் விளக்கினாங்க.

*இட நெருக்கடி:* இரும்பு அணுக்களுக்கு நடுவே இடைவெளி 0.287 நானோமீட்டர். மெக்னீஷியம் ஆக்ஸைடை 45 டிகிரி திருப்பி வெச்சா அதோட இடைவெளி 0.298. கிட்டத்தட்ட பொருந்துது, ஆனா 4 சதவிகிதம் இடிக்குது. இந்த பெஞ்சில் 25 பேர் உட்கார்ந்தா எதிர் பெஞ்சில் 26 பேர். அந்த ஒருத்தர் எங்கே போவார்? அதுதான் எட்ஜ் டிஸ்லொகேஷன். நாம தலைகீழ் ‘டி’ போட்டுக் காட்டுவோமே, அதே ஆசாமி. இதைக் குறைக்க இரும்போட வனேடியத்தைக் கலந்து, இடைவெளியைக் கொஞ்சம் பெரிசாக்கிப் பார்த்தாங்க. வனேடியம் சேர்த்தா காந்தத்தோட ஸ்பின் தரம் குறையும். அப்படியும் டி.எம்.ஆர் ஏறுச்சு! டிஸ்லொகேஷன் எவ்வளவு சாப்பிட்டுக்கிட்டு இருந்ததுன்னு இதிலிருந்தே புரியும்.

*ரெண்டு செக்ஷன் நடுவில் இடைவெளி:* தொழிற்சாலையில் பூசற அடுக்கு ஒரே கிரிஸ்டலா வராது. குட்டிக் குட்டிப் பரல்களா வரும். பரலும் பரலும் ஒட்டுற இடத்தில் அணுக்கள் சரியாச் சேராது. சுவர் அந்த இடத்தில் பலவீனமா இருக்கும்னு கம்ப்யூட்டர் கணக்குகள் காட்டுது.

இது போக, சுவருக்கும் காந்தத்துக்கும் நடுவே ஆக்ஸிஜன் பிரச்னை வேற. சமையலில் உப்பு மாதிரி. குறைஞ்சா காலி சீட்டு, கூடினா இரும்புக்குத் துரு.

சுவரில் இடிஞ்ச இடம்

‘சரி பாஸ், கோடி அணு இருக்கிற இடத்தில் நாலு அணு இல்லேன்னா என்ன குடி முழுகிடும்?’னு கேட்கலாம். இரும்புக் கம்பியில் குடி முழுகாது. ரெசிஸ்டன்ஸ் லேசா ஏறும், அவ்வளவுதான். டன்னலிங்கில் கதையே வேற. தேயற அலை எக்ஸ்பொனென்ஷியலா தேயுது, அதுதான் வில்லன்.

மெக்னீஷியம் ஆக்ஸைடில் ஓர் அணு அடுக்கு 0.21 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர்னா வெறும் 5 அடுக்கு. ஓர் அடுக்கு கூடினா ரெசிஸ்டன்ஸ் சுமார் 4 மடங்கு ஏறும். ஓர் அடுக்கு குறைஞ்சா கரன்ட் 4 மடங்கு. இப்போ ஒரு கற்பனைக் கணக்கு. சுவரின் பரப்பில் 99 சதவிகிதம் சரியா 5 அடுக்கு. ஒரே ஒரு சதவிகிதத்தில் மட்டும் 2 அடுக்குதான் இருக்கு. அந்த இடத்தில் கரன்ட் 4 × 4 × 4, அதாவது 64 மடங்கு. 99 பங்கு பரப்பில் 99 யூனிட் கரன்ட், ஒரு பங்கு பரப்பில் 64 யூனிட். மொத்தம் 163. பரப்பில் ஒரு சதவிகிதம், கரன்ட்டில் கிட்டத்தட்ட 40 சதவிகிதம்!

எல்லா ஹாஸ்டல் காம்பவுண்ட் சுவரிலும் ஒரு இடம் இடிஞ்சிருக்கும். சுவர் அரை கிலோமீட்டர் நீளம் இருக்கலாம், ஆனா மொத்த பேட்ச்சும் அந்த ஒரு இடத்தில்தான் போகும் வரும். சுவரோட சராசரி உயரத்தைக் கணக்குப் போட்ட வார்டனுக்கு என்ன தெரியும்? டன்னலிங்கும் சராசரியைப் பார்க்காது. பலவீனமான இடத்தைத்தான் பார்க்கும்.

இதுக்கு ஓர் அருமையான சாட்சி இருக்கு. மெக்னீஷியம் ஆக்ஸைடோட பேண்ட் கேப் 7.8 எலெக்ட்ரான் வோல்ட். நடுவில் நிக்கிற எலெக்ட்ரானுக்குச் சுவரின் உயரம் அதில் பாதி, 3.9 இருக்கணும். ஆனா 2004-ல் யுவாசா குழு நிஜ ஜங்ஷனில் அளந்தப்போ வந்தது சுமார் 0.4 மட்டுமே. பத்தில் ஒரு பங்கு! இதுக்கு முக்கியமான காரணமா ஆய்வாளர்கள் கைகாட்டுறது நம்ம ஆப்சென்ட் ஆக்ஸிஜனைத்தான்.

கலைச்சுப் போட்டு அடுக்கு!

இவ்வளவு தொல்லை இருந்தும் எப்படி ஃபேக்டரியில் செய்யுறாங்க? இங்கேதான் ஒரு ட்விஸ்ட். ஆய்வகத்தில் அணு அணுவா அடுக்கலாம். ஃபேக்டரியில் வேகமா பூசணும். அதுவும் ஜங்ஷனுக்குக் கீழே ஏற்கெனவே போட்டிருக்கும் அடுக்குகளின் கிரிஸ்டல் அமைப்பு மெக்னீஷியம் ஆக்ஸைடுக்கு ஒத்தே வராது. மூணு பக்க வரிசை மேலே நாலு பக்க வரிசை எப்படி உட்காரும்?

2005-ல் ஜப்பானின் கேனான் அனெல்வா கம்பெனியும் ஏ.ஐ.எஸ்.டி-யும் சேர்ந்து ஒரு வழி காட்டினாங்க. கோபால்ட் - இரும்பில் போரானைக் கலந்தாங்க. போரான் இருந்தா அந்த உலோகம் கிரிஸ்டலாகவே ஆகாது. கண்ணாடி மாதிரி தாறுமாறா, ஆனா மேடு பள்ளமில்லாம வழவழன்னு உட்காரும். வரிசையே இல்லாத தரை மேலே மெக்னீஷியம் ஆக்ஸைடைப் பூசினா, யார் தொந்தரவும் இல்லாம அது தன் இஷ்டப்படி ஒழுங்கா வரிசை கட்டும். அப்புறம் மொத்த சாண்ட்விச்சையும் 300 முதல் 400 டிகிரி வரை சூடு பண்ணுவாங்க. போரான் மெல்ல வெளியேற, கோபால்ட் - இரும்பு அணுக்கள் பக்கத்தில் இருக்கிற மெக்னீஷியம் ஆக்ஸைடைப் பார்த்து, அதே வரிசையில் காப்பி அடிச்சு உட்காரும். (காப்பி அடிச்சு டிஸ்டிங்ஷன் வாங்கினது இந்த அணுக்கள் மட்டும்தான்!) டி.எம்.ஆர் 230 சதவிகிதம். ஹார்டு டிஸ்க் ரீட் ஹெட்டுகளும் எம்-ரேம் சிப்புகளும் பெரிய அளவில் பிடிச்சுக்கிட்ட வழி இதுதான்.

107 கோடி பேருக்கு அட்டெண்டன்ஸ்

ஒரு ஜங்ஷன் நல்லா வந்தா பேப்பர் எழுதலாம். சிப் விற்க எல்லா ஜங்ஷனும் நல்லா வரணும். 2019-ல் எவர்ஸ்பின் கம்பெனி தயாரிப்புக்குக் கொண்டுவந்தது 1 கிகாபிட் எம்-ரேம். உள்ளே சுமார் 107 கோடி ஜங்ஷன். பேச்சுக்கு, 10 லட்சத்தில் ஒண்ணு மட்டும் டிஃபெக்டால கெட்டுப்போகுதுன்னு வைங்க. கேட்க பிரமாதமான தரம் மாதிரி இருக்கு. ஆனா ஒரு சிப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கெட்ட பிட்!

முதல் நாள் பாஸ் ஆன ஜங்ஷனும் நாளைக்கு ஃபெயில் ஆகலாம். இந்த வகை எம்-ரேமில் எழுதறதுக்கும் கரன்ட்டைச் சுவர் வழியாவே அனுப்பணும். ஒரு நானோமீட்டர் மேலே ஒரு வோல்ட் கொடுத்தா, மீட்டருக்கு 100 கோடி வோல்ட். காற்றில் மின்னல் வெட்ட மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும்! ஒவ்வொரு முறை எழுதும்போதும் சுவர் இந்த அடியைத் தாங்கணும். அடி வாங்க வாங்க புதுசா காலி சீட்டுகள் உண்டாகும். அதெல்லாம் வரிசையா சேர்ந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஒரு சங்கிலி ஆயிட்டா, டமால்! ஜங்ஷன் ஷார்ட். அந்த பிட் அதோட காலி. பூசும்போதே உட்கார்ந்துட்ட ஆப்சென்ட்டுகள்தான் அந்தச் சங்கிலியோட முதல் கண்ணிகள்.

வில்லனே ஹீரோ ஆன கதை

‘அப்போ டிஃபெக்ட்னாலே கெட்டது’ன்னு முடிச்சுட்டு எந்திரிக்காதீங்க. கடைசியா ஒண்ணு இருக்கு.

4 சதவிகித இட நெருக்கடியைத் தவிர்க்க, சுவரை மாத்தலாம்னு என்.ஐ.எம்.எஸ் ஆய்வாளர்கள் முடிவு பண்ணினாங்க. மெக்னீஷியம், அலுமினியம், ஆக்ஸிஜன் மூணும் சேர்ந்த ‘ஸ்பினல்’ ஆக்ஸைடு. இரும்போட ஒரு சதவிகிதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் பொருந்துது. டிஸ்லொகேஷன் பிரச்னை தீர்ந்தது. ஆனா டி.எம்.ஆர் எதிர்பார்த்த அளவுக்கு ஏறலை. காரணம் விநோதமானது. ஒழுங்கான ஸ்பினலில் மெக்னீஷியத்துக்குத் தனி சீட், அலுமினியத்துக்குத் தனி சீட். அதனால ஒரே மாதிரி அமைப்பு திரும்பி வர ரொம்ப தூரம் ஆகுது. இரும்பில் ஆகிறதைவிட ரெண்டு மடங்கு. இந்தப் பொருந்தாத தாளம், நீல டோக்கன்காரர்களுக்குப் புதுசா வழி திறந்து விட்டுடுது. அணுக்கள் ரொம்ப ஒழுங்கா இருந்ததே பிரச்னை!

தீர்வு? மெக்னீஷியத்தையும் அலுமினியத்தையும் சீட் மாத்தி மாத்திக் கலைச்சு உட்கார வெச்சாங்க. நம்ம புத்தகப்படி பார்த்தா இது பக்கா டிஃபெக்ட். ஆனா கலைஞ்ச உடனே பெரிய தாளம் மறைஞ்சு, இரும்போட பொருந்துற சின்ன தாளம் மட்டும் மிஞ்சியது. நீலத்துக்குத் திறந்த வழி மூடிடுச்சு. 2012-ல் அறை வெப்பநிலையில் 308 சதவிகிதம்.

ஒரே சீட் குழப்பம்தான். மெக்னீஷியம் ஆக்ஸைடில் டான்டலம் வந்து உட்கார்ந்தா பாழ். ஸ்பினலில் அலுமினியம் இடம் மாறி உட்கார்ந்தா லாபம். அதனால ‘டிஃபெக்ட் நல்லதா, கெட்டதா?’ன்னு பொதுவா கேட்டா பதிலே கிடையாது. எந்த அணு, எந்த இடத்தில், எந்த எலெக்ட்ரானோட வழியில்? இப்படிக் கேட்டவங்கதான் 11.8-லிருந்து 631 வரைக்கும் வந்திருக்காங்க.

அடுத்த முறை வேகன்சி படம் போடும்போது, அந்தக் காலி வட்டத்துக்குள்ளே ரெண்டு புள்ளி வெச்சுப் பாருங்க. ஆக்ஸிஜன் விட்டுட்டுப் போன ரெண்டு எலெக்ட்ரான். பேப்பர் திருத்துறவர் மார்க் போடுவாரான்னு கேரன்டி கொடுக்க முடியாது. ஆனா 7.8 எலெக்ட்ரான் வோல்ட் சுவர் ஏன் அவ்வளவு குட்டையாச்சுன்னு யாராவது கேட்டா, உங்ககிட்ட பதில் இருக்கும்.

அடுத்த வாரம் கேன்டீனில் மீட் பண்ணலாம். ப்ராக்ஸி அனுப்பாதீங்க, நேர்ல வாங்க!